உள்ளூர் டிக்கெட்

நான் வேலை கிடைத்துத் தென்காசிக்கு வந்து சேர்ந்த காலத்தில், அங்கிருந்து குற்றாலத்துக்குப் போக எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு பஸ். மூக்கு நீண்ட பழைய வண்டி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். அந்தப் படுதாவிலும் கிழியாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஒரு பஸ்ஸுக்கு இரண்டு குணம் உண்டு. சாரல் இல்லாத மாதங்களில் அதைப்போல் தங்கமான வண்டி உலகத்திலேயே கிடையாது. கையைக் காட்டினால் நிற்கும், காட்டாவிட்டாலும் நிற்கும். வழியில் மேலகரத்தில் ஒரு வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தா வந்துட்டேன்" என்று சொன்னால் போதும். அவள் தலை சீவி, பூ வைத்து, பின்வாசலைப் பூட்டிக்கொண்டு வரும்வரை டிரைவர் இறங்கி நின்று பீடி குடிப்பார். உள்ளே இருக்கிற நாங்களும் அதைத் தப்பாக நினைக்கமாட்டோம். நாளைக்கு நமக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை.

ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் அதே பஸ்ஸுக்கு எங்கள் யாரையும் அடையாளம் தெரியாது. மதுரை, மதராஸ், கோயம்புத்தூர் என்று ரயிலில் வந்து இறங்குகிற கூட்டம் எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக அதை நிரப்பிவிடும். நான் குற்றாலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் மணி அடிப்பதற்குள் அங்கே நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டு வரை ஆள் தொங்கிக்கொண்டிருக்கும். கண்டக்டர் நல்ல மனிதர், வயதானவர். என்னைப் பார்த்ததும் அவருக்கே கஷ்டமாகிவிடும்.

"டீச்சர், அடுத்த பஸ்ல வந்திருங்க."

"அடுத்த பஸ் எப்போங்க?"

"இதே பஸ்தான் டீச்சர். அருவிக்குப் போயிட்டுத் திரும்பி வரும்லா."

எப்படியாவது நெருக்கி ஏறிவிட்டால், கிழிந்த படுதா வழியாகச் சாரல் என் மேல்தான் அடிக்கும். தலைக்கு மேல் கம்பியில் முந்தின நடையில் குளித்தவர் யாரோ மறந்துவிட்டுப்போன ஈர வேட்டி சொட்டிக்கொண்டிருக்கும். நான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது புடவை நனைந்து, தலை நனைந்து, நேரமும் கடந்திருக்கும். எங்கள் பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

"அருவியில குளிக்கிறது லீவு நாளில வச்சுக்கக் கூடாதா டீச்சர்?"

அந்தச் சொல் எனக்கு ரொம்பச் சுட்டது. வந்து ஒரு வருஷம் ஆகியும் நான் அருவிப் பக்கம் போனதே இல்லை என்று சொன்னால் அவர் நம்பவும் இல்லை.

தென்காசியில் நான் குடியிருந்தது ஒரு ரிட்டயர்டு சுபேதார் வீட்டின் பின்கட்டு. அவர் குடும்பத்துக்கு வயலும் தோப்பும் உண்டு. பட்டாளத்தில் வடக்கே எங்கெல்லாமோ இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை அண்ணாச்சி என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணாச்சி எங்கே போனாலும் சைக்கிள்தான். பஸ்ஸில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. ஆனால் பஸ்ஸைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்கள் பஸ்ஸில் தினம் போகிற எனக்குக்கூட இல்லை.

"இந்த நாட்டுக்கு வேண்டியது ரெண்டு டீச்சர். ஒண்ணு டிசிப்ளின். இன்னொண்ணு டிரான்ஸ்போர்ட். ரெண்டும் இல்லாமத்தான் நீங்க நனைஞ்சு வாறிய."

அவரே நாலு பேரைச் சேர்த்து மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டார். மனுவுக்குப் பதில் வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆபீசர் நேரில் வந்து பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்கப்போகிறார் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பஸ் வசதியைப் பெருக்குவது பற்றி முதல் பாதி. அதற்கான செலவை யார் எப்படி ஏற்பது என்பது பற்றி அடுத்த பாதி. சாரலில் அடுத்த பாதி ஒரே நாளில் கரைந்துபோயிற்று. அதனால் ஊர் முழுவதும் முதல் பாதிக்கு மட்டுமே தயாராகி வந்தது.

கூட்டம் ஒரு சத்திரத்தில் நடந்தது. ஆபீசர் ஒல்லியாக, சாந்தமாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பஸ் முதலாளி, சட்டைப் பையில் கையை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி தன் பழைய மெடல்களை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பெண்கள் தரப்பில் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் ஆனந்தமாகப் போயிற்று. ஐந்தருவி வரை அரைமணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்றார் ஒருவர். புளியறை வரைக்கும் விடவேண்டும் என்றார் மற்றொருவர். ஜவுளிக்கடைக்காரர், எத்தனை பஸ் விட்டாலும் சரி, எல்லாம் தன் கடை வாசலில் நின்று போகவேண்டும் என்றார். நன்னகரத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் பஸ்ஸே வேண்டாம். அந்த ஹார்ன் சத்தத்தில் அவர் பசு பால் சுரக்க மறுக்கிறதாம். ஸ்டேஷன் ஜட்காக்காரர்கள் சார்பில் ஒருவர் எழுந்து, "இன்னொரு பஸ் விட்டா எங்க குதிரைய யாரு பாப்பாவ? ஆபீசர் ஐயா கூட்டிட்டுப் போவியளா?" என்று கேட்டார். ஆபீசர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம், "எல்லாம் நல்ல யோசனை. இதுக்கான செலவுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

எல்லோரும் பஸ் முதலாளியின் பக்கம் திரும்பினார்கள்.

பஸ் முதலாளி மெதுவாக ஆரம்பித்தார். "நான் ரெண்டாவது வண்டி விட மாட்டேன்னு சொல்லல. டயரு விலை உங்களுக்குத் தெரியாதது இல்ல. டிக்கெட்டைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டா..."

அவர் முடிப்பதற்குள் சத்திரத்துத் தூண் அதிர்ந்தது. "கூட்டப்படாது! கூட்டப்படாது!"

வீட்டு வரியோடு சேர்த்து ஏதாவது வசூலிக்கலாம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மேலகரத்துப் பண்ணையார் எழுந்தார். அவரிடம் சொந்தமாகக் கார் இருந்தது.

"நான் பஸ்ல ஏறுதவன் இல்ல. என் வீடும் பஸ்ல ஏறாது. அதுக்கு என்னத்துக்கு வரி?"

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி மெடல்கள் குலுங்க எழுந்து நின்றார்.

"சார்! பஸ்ஸை ரொப்புதது யாரு? வெளியூர்க்காரன். அருவியில குளிக்கது யாரு? வெளியூர்க்காரன். அவன் கொடுக்கட்டும். உள்ளூர்க்காரனுக்குப் பழைய டிக்கெட். சிம்பிள்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பண்ணையார் தட்டினார், ஜட்காக்காரர் தட்டினார், பசுமாட்டுக்காரரும் தட்டினார். அந்த ஊரில் அத்தனை பேர் ஒரே அபிப்பிராயத்துக்கு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் உள்ளூர் என்பது எதுவரை என்று ஆபீசர் கேட்டதும் அது உடைந்துவிட்டது. இலஞ்சி உள்ளூரா? ஆமாம். செங்கோட்டை? "அவிய நேத்து வரைக்கும் மலையாள ராஜ்யம்லா" என்று ஒருவர் சொல்ல, செங்கோட்டைக்காரர்கள் நாலு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி, காப்பி வாங்கிக்கொடுத்து, உள்ளூர் ஆக்கி உட்காரவைத்தோம்.

பெண்கள் தரப்பில் நான் பேசினேன். பள்ளிக்கூடத்துத் தமிழ் கைகொடுத்தது. "உள்ளூர்ப் பெண்களாகிய நாங்கள் படும் சிரமத்தைச் சொல்லி முடியாது. வசதியுள்ள வெளியூர் விருந்தினர் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை" என்று முடித்தேன். எனக்கும் கைதட்டினார்கள். பண்ணையார் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "பேச்சு நல்லாருக்கு. இந்தம்மா எந்த ஊரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உள்ளூர், வெளியூர் என்பதைக் கண்டக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?" இதுதான் ஆபீசரின் கடைசிக் கேள்வி.

முதலாளி சிரித்தார். "வாயைத் திறந்தாத் தெரிஞ்சிரும் சார். நம்ம பேச்சு வெளியூர்க்காரன் வாயில நுழையாது."

சீசன் முடியும்வரை சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாளே பழைய கண்டக்டர் பஸ் முழுவதையும் உள்ளூர் ஆக்கிவிட்டார். வடநாட்டுத் தலைப்பாகையோடு வந்த ஒரு சேட்டுக்குக்கூட அவர் உள்ளூர் டிக்கெட்டுதான் கிழித்துக்கொடுத்தார். "மூஞ்சியப் பாத்துக் கூடக் கொடுன்னு கேக்க எனக்கு வரல முதலாளி" என்று சொல்லிவிட்டார். முதலாளி அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டு, சிவகிரியிலிருந்து தன் சொந்தக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார். முப்பது வயதிருக்கும். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, கறாரான முகம். அவர் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. கேட்டால் பொய் சொல்வார்களாம். "எங்கன போணும்?" என்று மட்டும் கேட்பார். பதில் வரும்போது, கச்சேரி கேட்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

என்னிடமும் கேட்டார்.

"எங்கன போணும்?"

"குற்றாலங்க. ஒரு டிக்கெட் கொடுங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வெளியூரு."

"இல்லீங்க. நான் இங்கேதான் இருக்கிறேன்."

"'இருக்கிறேன்'னு இங்கன யாரும் இருக்க மாட்டாவ. 'இருக்கேன்'னுதான் இருப்பாவ. வெளியூரு."

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தாள். அவள் மகள் என்னிடம்தான் படிக்கிறாள்.

"அவிய டீச்சருய்யா! எம் மவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காவ."

"எங்கன இருந்து வந்து சொல்லிக்கொடுக்காவ?"

"தஞ்சாவூர்ல இருந்து" என்றாள் அந்த அம்மாள், கள்ளங்கபடம் இல்லாமல். அதோடு என் வழக்கு முடிந்தது.

கூடுதலாகக் கொடுத்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் வெளியூர் என்று சொன்னது உள்ளே குத்தியது. சத்திரத்தில் நின்று 'உள்ளூர்ப் பெண்களாகிய நாங்கள்' என்று நான் முழங்கியதைக் கேட்ட இரண்டு பேர் அதே பஸ்ஸில் இருந்தார்கள். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே மலையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு ஒருபக்கம், கோபம் ஒருபக்கம்.

"அட கோட்டிக்காரி, இதுக்கா அழுத? நம்ம பேச்சு என்ன, மலை ஏறுத வித்தையா? நான் சொல்லித்தாரேன். 'வருகிறேன்' சொல்லாத. 'வருதேன்'னு சொல்லு."

"வருதேன்."

"'அங்கே' இல்ல. 'அங்கன'."

"அங்கன."

"வாயில இருந்து வரப்படாது. தொண்டையில இருந்து இழுத்துக்கிட்டு வரணும்."

முற்றத்தில் அண்ணாச்சி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். "ஒன்ஸ் மோர்!" என்று அவ்வப்போது கட்டளை வேறு. வகுப்பில் பிள்ளைகளை நான் படுத்திய பாடெல்லாம் அன்று எனக்குத் திரும்பியது. ராத்திரிச் சமையல் தாமதமாயிற்று.

மறுநாள் பஸ்ஸில் நின்றபோது மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் என் பக்கம் வந்ததும் படித்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்துவிட்டது.

"எங்கன போணும்?"

"ஏலே, குத்தாலத்துக்குப் போறேம்லே. ஒரு டிக்கெட்டு தால!"

முன்னால் டிரைவர் வரைக்கும் சிரிப்பு போயிற்று. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"உள்ளூர்ப் பொம்பள யாரும் முன்னப்பின்னத் தெரியாத ஆம்பளைய ஏலேன்னு கூப்பிட மாட்டா. வெளியூரு."

நான் குற்றாலம் வரும்வரை தலையை நிமிர்த்தவில்லை. 'ஏலே' என்பதை யார் யாரிடம் சொல்லலாம் என்று அக்கா சொல்லித்தர மறந்துபோனாள்.

எனக்கு வராத வித்தை வெளியூர்க்காரர்களுக்கு வந்துவிட்டது. காரணம், ஸ்டேஷன் ஜட்காக்காரர்கள். ரயிலை விட்டு இறங்குகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டுவரை ஜட்காவில் ஏற்றிக்கொண்டுவந்து, வருகிற வழியிலேயே பாடம் நடத்தினார்கள். ஜட்காவில் வந்தால் பாடம் இலவசம். அதனால் ஒற்றைப் பெட்டியோடு வருகிறவர்கள்கூட ஜட்கா பிடித்தார்கள். மதராஸிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, தாத்தா முதல் மருமகள் வரை, "குத்தாலத்துக்குப் போறோம்லா" என்று சேர்ந்து பாடியதை நான் என் காதால் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கூடுதல் பத்திரத்துக்காக, "எங்க அண்ணாச்சி மேலகரம்லா" என்று சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் உள்ளூர் டிக்கெட். பஸ்ஸில் வெளியூர் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தது அநேகமாக நான் ஒருத்திதான்.

கண்டக்டருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை ஜனம் இந்த ஊரில் எப்போது பிறந்தது என்று யோசித்திருக்கிறார். அதன்பிறகு, நன்றாகப் பேசுகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தார். "இம்புட்டுச் சுத்தமாப் பேசுதியளே, எந்த ஜட்காவில படிச்சிய?" என்று இலஞ்சிக்காரர் ஒருவரைக் கேட்க, அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். பண்ணையாரின் கணக்குப்பிள்ளைக்கு வெளியூர் டிக்கெட் கொடுத்த அன்று, பண்ணையாரே காரை அனுப்பி முதலாளியைக் கூப்பிட்டு ஏசியதாகச் சொன்னார்கள்.

"நாளைக்கு நான் உங்களோட வருதேன்" என்றார் அண்ணாச்சி. "அவனுக்கு டிசிப்ளின் சொல்லிக்கொடுத்துட்டு வந்திருதேன்."

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டை, மெடல்கள், கையில் பிரம்பு சகிதமாக அவர் பஸ் ஏறினார். நல்ல கூட்டம். சாரலும் பலம். ஜன்னல் ஓரம் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மடியில் எண்ணெய்ப் புட்டியோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றோம். நன்னகரம் தாண்டும்போது கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

"எங்கன போணும்?"

"டூ டிக்கெட்ஸ். குற்றாலம். க்விக்!" என்றார் அண்ணாச்சி.

கண்டக்டர் கண்ணை மூடவே இல்லை. "வெளியூரு ரெண்டு."

அண்ணாச்சியின் மீசை துடித்ததை நான் பார்த்தேன். "ஏலே! யாரைப் பாத்து வெளியூருங்குத? எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இந்த மண்ணுல கெடக்கோம். இந்தச் சட்டமே நான் சொன்ன சட்டம்லே!"

"ஏலேங்குதது இப்ப எல்லாரும்தான் சொல்லுதாவ சார். போன வாரம் இந்த டீச்சரே சொன்னாவ."

"நான் இங்கிலீஷ் பேசினா வெளியூர்க்காரனாயிருவனா?"

"அது எனக்குத் தெரியாது. டிக்கெட்டு வாங்கலைன்னா வண்டி போகாது." கண்டக்டர் விசிலை ஊதினார். டிரைவர் பிரேக்கை மிதித்து, இறங்கிப் பீடி பற்றவைத்தார்.

பஸ் சாரலில் நின்றது. அவ்வளவுதான், சத்திரத்துக் கூட்டம் மறுபடியும் கூடிவிட்டது. சுபேதார் உள்ளூர்தான் என்று ஒரு கட்சி. பட்டாளத்தில் இத்தனை வருஷம் வடக்கே இருந்தவர் எப்படி உள்ளூர் என்று ஒரு கட்சி. சிவகிரியிலிருந்து வந்த கண்டக்டர் உள்ளூரா என்று யாரோ கேட்க, அது தனியாக ஒரு சண்டையாயிற்று. மதராஸ்காரர் ஒருவர் தானும் கலந்துகொள்ள ஆசைப்பட்டு, "அப்படிச் சொல்லுதிய?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். படுதா வழியாகத் தண்ணீர் என் தோளில் ஓடியது. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருக்கும்.

அண்ணாச்சி நியாயம் கேட்கத் திரும்பியபோது, ஜன்னல் ஓரத்துக்காரரின் துண்டு கொஞ்சம் விலகியது. அண்ணாச்சி விறைப்பாக நிமிர்ந்து சல்யூட் அடித்தார்.

"சார்! நீங்க அந்த ஆபீசர் சார்தானே? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க!"

அவர் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். "யாரைச் சொல்லுதிய?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "நாங்க இங்கன பக்கத்துலதான் இருக்கோம்லா" என்றார்.

அவர் மனைவி அதற்குமேல் தாங்கமுடியாமல் சிரித்துவிட்டார். "போதும், எடுங்க துண்டை. ஜட்காக்காரர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். இதுக்கு மேல கேட்டா மாட்டிக்குவீங்க."

கண்டக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இவியளா ஆபீசர்? இவிய உள்ளூராச்சே! பேச்சு தண்ணி மாதிரி வந்துச்சே!"

ஆபீசர் எழுந்தார். நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. குடும்பத்தோடு லீவில் குளிக்க வந்தவர், பாவம். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கும் என் மனைவிக்கும் வெளியூர் டிக்கெட்டைக் கொடுங்க" என்றார் கண்டக்டரிடம். பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்து, "சரி, பொதுமக்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டாப் போட்டுத் தொலைங்க சார்!" என்றார் பின்னால் நனைந்துகொண்டிருந்த ஒருவர்.

"ஒரே டிக்கெட்னா எல்லாருக்குமே கொஞ்சம் கூடும். அப்பத்தான் ரெண்டாவது பஸ் வரும்."

"கூடினாக் கூடட்டும்! முதல்ல இந்த வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

"வண்டிய எடு! வண்டிய எடு!" என்று பஸ் முழுவதும் குரல் எழுந்தது. நானும் கத்தினேன். எந்த ஊர்த் தமிழில் கத்தினேன் என்று நினைவில்லை. சத்திரத்தில் ஒரு பகல் முழுவதும் பேசியும் சரிப்படாத விஷயம், சாரலில் பஸ் நின்ற கொஞ்ச நேரத்தில் முடிவாயிற்று. அண்ணாச்சி மட்டும், தன் யோசனையில் தப்பு இல்லை, அதைக் கையாண்ட விதத்தில்தான் டிசிப்ளின் இல்லை என்று குற்றாலம் வரும்வரை ஆபீசரிடம் விளக்கிக்கொண்டு வந்தார்.

ஆடி முடிவதற்குள் ஒரே டிக்கெட் என்று அறிவிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கூடத்தான் செய்தது. சத்திரத்துத் தூணை அதிரவைத்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரனும் அதையேதான் கொடுக்கிறான் என்பதில் ஒரு திருப்தி. சிவகிரிக்காரரை முதலாளி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். பழைய கண்டக்டர் திரும்ப வந்தார். போகிற அன்று சிவகிரிக்காரர் என்னிடம் வந்து, "மனசுல வச்சிக்கிடாதீங்க டீச்சர். காது சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார். "உங்க காது சரியாத்தான் சொன்னது" என்றேன். அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

கார்த்திகை கழிந்து, குற்றாலம் தாண்டி ஐந்தருவி வரை போகிற இரண்டாவது பஸ்ஸும் வந்தது. அதுவும் புதிதல்ல. ஆனால் படுதா புதிது. வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து விட்டார்கள். முதல் நடையில் பண்ணையாரும் ஏறிக் கொஞ்சதூரம் போய்ப் பார்த்தார். பின்னாலேயே அவர் கார் வந்தது. இனி மூன்றாவது பஸ் கேட்டு மனு போடவேண்டும் என்று அண்ணாச்சி அன்று சாயங்காலமே சொன்னார்.

புது பஸ் வந்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் ஏறினேன். இரண்டு பஸ் ஓடுவதால் பாதி இருக்கைகள் காலி. ஒரே பஸ்ஸாக இருந்தபோது சாரல் இல்லாத மாதங்களிலும் காலையில் நின்றுதான் போவேன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து காலை நேரத்தில் நான் உட்கார்ந்து பயணம் செய்தது அதுதான் முதல்முறை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மலைக்காற்று முகத்தில் பட்டது. மேலகரம் தாண்டியது நினைவிருக்கிறது. கண்ணை மூடினேன்.

"டீச்சர், டீச்சர்! இறங்கலியா? ஐந்தருவி வந்துட்டு" என்று கண்டக்டர் எழுப்பினார். "அசந்து தூங்குதியளேன்னு எழுப்ப மனசு வரல."

பதறி இறங்கினேன். கடைகள் மூடிக்கிடந்தன. ஒரு குரங்கு வாழைப்பழத்தோலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அஞ்சு அருவியும் யாருக்காகவும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. இத்தனை பக்கத்தில் இருந்தும் அன்றைக்குத்தான் நான் அதைப் பார்க்கிறேன். பஸ் திரும்பும்வரை வேறு வேலை இல்லை. பாறையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திவலை பறந்துவந்து புடவை முழுக்க நனைந்தது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் போனபோது இரண்டாவது பாடம் நடந்துகொண்டிருந்தது. பெரிய டீச்சர் வராந்தாவில் நின்று கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இப்போதான் ரெண்டு பஸ் ஓடுதே டீச்சர். இன்னிக்கு என்ன?"

"உட்கார இடம் கிடைச்சிட்டுது டீச்சர்" என்றேன்.